மூன்று முறை தவறாக அழுத்தினால்

இருபது விநாடிதான். மாம்பழச்சாலையில் பஸ் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்றாவது சீட்டில் யாரோ ஓர் அம்மாள் நகர்ந்து கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, இடது காதில் மட்டும் இயர்போனைச் செருகியதும் போன் சொன்னது: புதிய ஒலிப்பதிவு ஒன்று, நேற்று மாலை ஆறு நாற்பத்திரண்டு, இருபது விநாடி. அப்படியானால் நேற்று சாயங்காலம் யாரோ மூன்று முறை என் போனைத் திறக்கப் பார்த்திருக்கிறார்கள். மூன்று முறை தவறாக எண் அழுத்தினால் சத்தமில்லாமல் மைக்கைத் திறந்து இருபது விநாடி பதிவுசெய்து வை என்று அதற்குச் சொல்லியிருப்பது நான்தான். சொல்லிப் பதினேழு நாளாகிறது. பதினேழு நாளும் ஒன்றும் நடக்கவில்லை, நடக்காதது எனக்கு ஆறுதலாக இருந்ததா ஏமாற்றமாக இருந்ததா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை. ஆறு நாற்பத்திரண்டுக்கு நான் குளித்துக்கொண்டிருந்தேன். போன் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. வீட்டில் அண்ணனும் அண்ணியும். அண்ணிக்குத் தன் போனையே தேடி எடுக்கப் பொறுமை கிடையாது. ஆக, கேட்காமலே தெரியும். தெரிந்த பிறகு எதற்குக் கேட்க வேண்டும்? கேட்கத்தான் வேண்டும், அதற்காகத்தானே வைத்தது. கேட்கிறேன். பாலம் தாண்டட்டும்.

பஸ் பாலத்தில் ஏறியதை யாரும் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. இணைப்புகளின் மேல் டயர் ஏறி இறங்கும் தட்தட், இரண்டு பக்கமும் கடைச் சத்தமெல்லாம் விலகி இடம் திடீரென்று அகலமாகிவிடுவது, ஈரமும் பாசியும் கலந்த காற்று ஜன்னல் வழியாக வந்து முகத்தில் மோதுவது. காவிரியில் தண்ணீர் வந்துவிட்டது. வெறும் மணலாகக் கிடக்கிற மாதங்களில் இந்தக் காற்று சூடாக, சாம்பல் மாதிரி இருக்கும். பக்கத்து அம்மாள் என் கையில் இருக்கும் போனையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எப்படித் தெரியும் என்றால், அதுவரை சலசலத்த வளையல் நின்றுவிட்டது. "போன் அணைஞ்சிருக்கும்மா" என்றாள். "இல்லைங்க, இப்படித்தான் வெச்சிருப்பேன்" என்றேன். எனக்குத் திரையில் வெளிச்சம் எதற்கு? கறுப்பாகவே வைத்திருக்கிறேன். மற்றவர்களின் போனில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எட்டிப் பார்க்க வேண்டும், தோளுக்குப் பின்னால் நிற்க வேண்டும். என் போனுக்கு அந்தச் சிரமம் இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலே போதும், அதுவே எல்லாவற்றையும் படித்துச் சொல்லிவிடும். யார் அனுப்பியது, என்ன அனுப்பியது, எத்தனை மணிக்கு. பிறவியிலேயே பார்வை இல்லாதவளுக்கு வாய் உள்ள போன் கிடைத்தது பெரிய வரம், ஆனால் அந்த வாய்க்கு இடம் பொருள் தெரியாது. ஒரு காது போனுக்கு, ஒரு காது ஊருக்கு என்று பங்கு பிரித்துக்கொண்டு பத்து வருஷமாக இந்தப் பாதையில் போய்வருகிறேன். வேலை ஒரு வங்கியின் வட்டார அலுவலகத்தில், டெலிபோன் ஆபரேட்டர். ஊர் முழுக்கக் குரலாகத்தான் எனக்குப் பழக்கம்.

போன சித்திரை மாதம் அந்த வாய் என்னைக் காட்டிக்கொடுத்தது. அதை நினைத்தால் இப்போதும் காது மடல் சுடுகிறது. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் கூட்டம் ஏறி முட்டியதில் இயர்போன் ஒயர் பிடுங்கிக்கொண்டது. அந்த நேரம் பார்த்து ஒரு செய்தி. அது தன் மொட்டைக் குரலில், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தாமல், பஸ் முழுக்கக் கேட்கும்படி படித்தது: "கனகசபை தஞ்சாவூர். இன்று நாற்பது பக்கம் படித்தேன். யாருக்காகப் படிக்கிறேன் என்று தெரிந்து படிப்பது இதுதான் முதல் முறை." நான் தடவித் தடவி ஒலியைக் குறைப்பதற்குள் முடித்துவிட்டது. முன்னால் நின்ற காலேஜ் பெண்கள் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை, சந்தோஷச் சிரிப்புத்தான், ஆனால் என் அனுமதி இல்லாத சந்தோஷம். கனகசபை தஞ்சாவூரில் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார். பார்வையில்லாதவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கிறவர்களில் ஒருவர். ஒரு பதிவைக் கேட்டுவிட்டு, பக்கம் புரட்டும்போதெல்லாம் வாக்கியத்தின் கடைசிச் சொல்லை விழுங்கிவிடுகிறீர்கள் என்று நான்தான் புகார் அனுப்பினேன். அடுத்த புத்தகத்தில் ஒவ்வொரு பக்கத்தின் முடிவிலும் ஒரு விநாடி நின்றார், பிறகுதான் காகிதச் சத்தம். அந்த ஒரு விநாடி எனக்காக என்று எனக்குத் தெரியும். அப்படித்தான் ஆரம்பித்தது. பஸ்ஸில் பின் சீட்டில் இருந்தவர் எங்கள் தெரு மளிகைக்கடைக்காரர் என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் வாயைத் திறந்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் திறக்கவில்லை, வீட்டுக்குப் போய் அண்ணனிடம் திறந்தார்.

அதற்குப் பிறகு ஐம்பத்திரண்டு நாள் கனகசபையிடமிருந்து ஒன்றுமில்லை. செய்தி இல்லை, அழைப்பு இல்லை. முதல் வாரம் வேலை அதிகமாக இருக்கும் என்று நினைத்தேன். இரண்டாவது வாரம் உடம்பு சரியில்லையோ. மூன்றாவது வாரத்திலிருந்து என்னைப் பற்றியே நினைக்க ஆரம்பித்தேன். நான் அனுப்பிய கடைசிச் செய்தியில் என்ன தப்பு, எங்கே கொஞ்சம் அதிகமாகப் பேசிவிட்டேன், ஒருவேளை நேரில் வந்து என்னை எங்காவது பார்த்துவிட்டாரோ. ஜங்ஷனில் இறங்கிக் குச்சியைத் தட்டிக்கொண்டு நடக்கும்போது யாராவது பேசாமல் கூடவே வருகிறார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். அலுவலகத்தில் ஒவ்வொரு அழைப்பையும் எடுக்கும்போது இது அவராக இருக்குமோ என்று அரை மூச்சு. நானாக எழுதிக் கேட்டிருக்கலாம். ரோஷம். ஐம்பத்திரண்டாவது நாள் ரோஷம் தேய்ந்துபோய், ஒரே ஒரு வார்த்தை, நலமா என்று அனுப்பப் போனேன். போன் சொன்னது: இந்த எண்ணை நீங்கள் தடுத்து வைத்திருக்கிறீர்கள், தடையை நீக்கினால்தான் அனுப்ப முடியும். நீங்கள். அந்த ஒரு சொல்லிலேயே நின்றுவிட்டேன். திரும்பத் திரும்பத் தொட்டேன், திரும்பத் திரும்ப நீங்கள் நீங்கள் என்றது. நான் தடுக்கவில்லை. என் போனைத் திறக்கும் எண் என்னைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும். போனை வாங்கிக் கொடுத்ததே அண்ணன்தான், எண் போட்டதும் அவன்தான், அவன் பைக்கின் நான்கு எண்.

இங்கே வந்து மனசு எப்போதும் தடுக்கிவிடும். அண்ணனைத் திருடன் என்று நினைத்துப் பார்ப்பேன், அந்தச் சொல் அவன்மேல் உட்காராது. தனபால் என்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவன். அம்மா அப்பா போன பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துப் பள்ளிக்கூடத்துக்கு நடந்தவன். அந்தப் பிடியில் பட்டறை வெல்டிங்கில் பொரிந்த கட்டை விரலின் சொரசொரப்பு இருக்கும். எனக்கு வந்த எல்லா எழுத்தும் அவன் வாய் வழியாகத்தான் வந்திருக்கிறது. பரீட்சை முடிவு, ஆஸ்பத்திரிச் சீட்டு, கல்யாணப் பத்திரிகை, தோழிகள் எழுதிய கடிதம், இந்த வேலைக்கான உத்தரவு. வேலை உத்தரவைப் படிக்கும்போது பாதியில் நிறுத்திவிட்டான், தண்ணீர் குடித்துவிட்டு வந்து மீதியைப் படித்தான். போனது தண்ணீர் குடிக்க இல்லை என்று மூக்கை உறிஞ்சியதில் தெரிந்தது. அப்படிப்பட்டவனுக்கு என் போனைத் திறந்து படிப்பது வேவு பார்ப்பதாகவே தோன்றியிருக்காது. பழக்கம். முப்பது வருஷம் செய்த வேலை. போன் தானாகப் படிக்கக் கற்றுக்கொண்டதும் அவனுக்கு அந்த வேலை போய்விட்டது, அவ்வளவுதான். இப்படி அவன் பக்கமே நின்று எல்லா நியாயத்தையும் அடுக்கி முடிக்கும்போது ஒரு பயம் அடியிலிருந்து குமிழ் விட்டுக்கொண்டு வரும். படித்துக் காட்டிய கடிதங்களில் எத்தனை வரியை விட்டிருப்பான்? காலேஜில் கூடப் படித்த எஸ்தர் கோயம்புத்தூரிலிருந்து எழுதிய கடிதத்தில் நடுவில் ஓர் இடத்தில் தயங்கினான், எழுத்து புரியலை பாப்பா என்றான். எஸ்தரின் எழுத்து முத்து முத்தாக இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்குப் பிறகு எஸ்தர் எழுதவில்லை. நான் பதில் சொல்லாத ஏதோ ஒன்றை அதில் கேட்டிருந்தாளோ? அந்தக் கடிதம் இப்போது எங்கே இருக்கிறதோ. இது முடிவில்லாத நூல், பிடித்து இழுத்தால் முழுத் துணியும் பிரிந்துவிடும். இழுக்க மாட்டேன். பழைய காகிதத்தை என்னால் பூட்ட முடியாது. போனைப் பூட்ட முடியும்.

பூட்டினேன். அதில் எனக்கு இன்றைக்கும் பெருமைதான். அலுவலகத்தில் கணினிப் பிரிவில் இருக்கும் மெஹருன்னிசா மேடத்திடம் சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தேன். முழுக் கதையும் சொல்லவில்லை, என் போன் எனக்கு மட்டும் கீழ்ப்படிய வேண்டும் என்றேன். அவர் காரணம் கேட்கவில்லை. நல்ல மனுஷி. ஒரு செயலியை இறக்கினார். இது நடந்தால் அதைச் செய் என்று எழுதி வைத்துவிட்டால் போன் தானாகவே செய்யும். எழுதுவது நான்தான், அவர் படிகளை மட்டும் சொல்வார். முதல் நாள் பழைய நான்கு எண்ணைத் தூக்கிவிட்டு ஆறு எண் வைத்தோம். அந்த ஆறையும் இந்தப் பஸ்ஸில் மனசுக்குள்கூடச் சொல்லிப் பார்க்க மாட்டேன். அப்புறம், இயர்போன் பிரிந்தால் அந்தக் கணமே பேச்சை நிறுத்து, பூட்டிக்கொள். வீட்டு வைஃபையை விட்டு வெளியே வந்தால் செய்திகளை மூடி வை, நானாகக் கேட்டால் மட்டும் படி. சிம்மை யாராவது உருவினால் பூட்டிக்கொள். ஒவ்வொன்றையும் அந்தச் செயலி ரூல் என்கிறது, மேடம் விதி என்பார். "இன்னிக்கு எத்தன விதி எழுதினோம் சுகந்தி?" என்று டப்பாவை மூடிக்கொண்டே கேட்பார். எனக்குச் சிரிப்பு வரும். இந்தச் சொல்லைப் பிறந்ததிலிருந்து கேட்கிறேன். கல்யாண வீட்டில், ஆஸ்பத்திரி வராந்தாவில், இதே பஸ்ஸில், என் தலைக்கு மேலே தாழ்ந்த குரலில், பாவம் அது விதி. இப்போது நான் எழுதுகிறேன், போன் கேட்டு நடக்கிறது. மூன்று முறை தவறு செய்கிறவனைப் பிடிக்கும் விதிக்கு மேடம் முதலில் சொன்னது, முன்பக்கக் கேமராவில் படம் எடுக்கலாம், எல்லோரும் அதைத்தான் வைக்கிறார்கள். சொல்லி முடித்ததும் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் நிறுத்தினோம், ஒரே நேரத்தில் சிரித்தோம். படம் எடுத்து வைத்துக்கொண்டு, இது யார் என்று பார்த்துச் சொல்ல நான் யாரைக் கூப்பிடுவேன்? வீட்டுக்குப் போய் அண்ணனைத்தான். அப்புறம்தான் படத்துக்குப் பதில் சத்தம் என்று மாற்றினேன். இருபது விநாடி எனக்குத் தாராளம். மூச்சு விட்டால் போதும், ஆளைச் சொல்லிவிடுவேன்.

நாலாம் நாளே சோதனை வந்தது. ஒரு பள்ளிக்கூடப் பையின் வார் என் ஒயரில் மாட்டி இழுத்தது. போன் அப்படியே ஊமையாகிவிட்டது. ஒரு கணம் எனக்கு இடது பக்கமே உலகம் இல்லாமல் போன மாதிரி இருந்தது, எங்கே இருக்கிறேன், எந்த நிறுத்தம், ஒன்றும் புரியவில்லை. அடுத்த கணம் புரிந்தது. நான் சொன்னதைத்தான் அது செய்திருக்கிறது. யார் கையில் விழுந்தாலும் இப்படித்தான் வாயை மூடிக்கொண்டிருக்கும். ஒயரை மறுபடி செருகி ஆறு எண்ணையும் அழுத்தினேன், என் விரல் ஒரு எண்ணில்கூடத் தயங்கவில்லை. அன்று சாயங்காலம் அலுவலக மாடிப்படியில் உட்கார்ந்து கனகசபையின் எண்ணுக்கு இருந்த தடையை எடுத்தேன். குரலாகவே அனுப்பினேன். "நான் சுகந்தி. இத்தனை நாள் நீங்க அனுப்பினது எதுவும் எனக்கு வரலை. தடுத்தது நான் இல்லை. என் போன் இப்போ என்கிட்டதான் இருக்கு." பதில் நாலு நிமிஷத்தில் வந்தது. முதலில் வெறும் மூச்சு. பிறகு, "ஐம்பத்தாறு நாளா உங்களுக்குன்னு ஒரு புத்தகம் படிச்சுவெச்சிருக்கேன். அனுப்பலாமா?" அதை மூன்று தடவை கேட்டேன். நாலாவது தடவையும் கேட்டேன்.

மெயின்கார்டு கேட் வந்துவிட்டது, பூ விற்கிறவளின் குரலும் எண்ணெயில் வேகிற பஜ்ஜியும். பாலம் தாண்டி எவ்வளவு நேரமாகிறது. கேட்கிறேன் கேட்கிறேன் என்று தள்ளிக்கொண்டே வந்துவிட்டேன். எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே புரிகிறது. யார் என்பதில் சந்தேகம் இல்லை. அவன் தனியாக இருக்கும்போது, நான் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டு இருக்கும்போது, எப்படி இருப்பான் என்று எனக்குத் தெரியாது. கண் இருக்கிறவர்கள் ஒருவரை அவர் அறியாமல் பார்த்திருப்பார்கள், ஜன்னல் வழியாக, கதவிடுக்கில். நான் யாரையும் அப்படிப் பார்த்ததில்லை. என் முன்னால் எல்லோரும் தொண்டையைச் செருமிக்கொண்டுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். முப்பத்து நாலு வயதில் முதல் தடவையாக என் அண்ணனை அவனுக்குத் தெரியாமல் பார்க்கப் போகிறேன். திரையை விரலால் இரண்டு முறை தட்டினேன்.

முதலில் மின்விசிறி. டிவியில் ஏதோ விளம்பரம். அப்புறம் அவன் மூச்சு, நினைத்ததைவிட மைக்குக்கு நெருக்கமாக, போனை முகத்தோடு வைத்துப் பார்க்கிறான் போலிருக்கிறது, கண்ணாடி போடாமல். நகம் திரையில் படும் டொக் டொக். "தெறக்கமாட்டேங்குதே." தூரத்திலிருந்து அண்ணி, "அத ஏங்க நோண்டறீங்க? அவ போனு அது." விளம்பரம் முடிந்து வேறொன்று ஆரம்பித்தது. பிறகு சொன்னான், மெதுவாக, கோபமே இல்லாமல்: "கண்ணு தெரியறவனுக்குக் கண்ணு தெரியாதவகிட்ட என்ன வேலன்னு நீயே சொல்லு." அண்ணி எதுவும் சொன்னாளா என்று தெரியாது. இருபது விநாடி முடிந்துவிட்டது.

மறுபடி கேட்டேன். மூன்றாவது முறையும். பாலக்கரையில் பஸ் நின்று கிளம்பியது, யாரோ என் முழங்காலில் கூடையை இடித்துக்கொண்டு இறங்கினார்கள். அந்த வரி வலிக்க வேண்டும், வலித்தது. அவன் அதைச் சொன்னதால் இல்லை, அதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன் என்பதால். கனகசபையின் முதல் பத்துச் செய்திகளுக்குப் பிறகு நான் வேறு என்ன யோசித்தேன்? இதே வார்த்தைகள்தான், இதே வரிசை. அண்ணன் என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட மாதிரி இருந்தது, அல்லது நான் அவனிடமிருந்து. எனக்கு அதற்குப் பதில் கிடைத்துவிட்டது. பதில் ஒன்றும் பெரிய விஷயமில்லை, பக்கத்தின் முடிவில் ஒரு விநாடி நிற்கிறார், அவ்வளவுதான். அண்ணனுக்கு அது எப்படிக் கிடைத்திருக்கும்? அவனிடம் நான் எதையாவது சொன்னேனா? அந்தக் குரலில் கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரும்பு அறுக்கிற மெஷினில் விரல் போகாமல் இருக்கத் தகடு வைப்பானே, அப்படி வைத்திருக்கிறான் தன் கையை, எனக்கும் ஊருக்கும் நடுவில். தகடு என்னையும்தான் மறைக்கிறது என்று அவனுக்கு யாரும் சொல்லவில்லை. நான் சொல்லவில்லை. இன்று சாயங்காலம் சொல்லிவிட வேண்டும். சாப்பிட்ட பிறகு. இல்லை, சாப்பிடுவதற்கு முன்னால். வாக்கியங்களை அடுக்கிக்கொண்டிருக்கும்போதே காதில் போன் சொன்னது, அண்ணன் அழைக்கிறார்.

"பாப்பா, எங்க இருக்க?"

"பாலக்கரை தாண்டியாச்சுண்ணே."

"உக்கார எடம் கெடச்சுதா?"

"கெடச்சுது."

பட்டறையிலிருந்துதான் பேசுகிறான். பின்னால் கிரைண்டர் கிறீச்சென்று ஓடிக்கொண்டிருந்தது. "உன் போன்ல ஏதோ கோளாறு போல" என்றான். "சார்ஜ் ஏறிருச்சான்னு நேத்து எடுத்துப் பாத்தேன். நம்பர் போட்டா தெறக்கமாட்டேங்குது. சாயங்காலம் குடு, கடையில காட்டிட்டு வரேன்."

ஆமாண்ணே என்று சொல்லிவிட்டால் சாயங்காலம் வரைக்கும் நேரம் கிடைக்கும். நாக்கு நுனி வரை வந்தது.

"கோளாறு இல்லண்ணே. நம்பர நான்தான் மாத்தினேன்."

"எதுக்கு?"

"என் போன்தானே."

அவன் இதை எதிர்பார்க்கவில்லை. கிரைண்டர் நின்றது, பட்டறைப் பையனிடம் கையைக் காட்டியிருப்பான். "சொல்லியிருக்கலாம்ல. ரோட்ல உனக்கு ஒண்ணு ஆச்சுன்னா யார் தெறப்பா?"

"தெறக்கவே வேணாம். பூட்டியிருக்கறப்பவே அதுல உன் நம்பர் வரும். யார் எடுத்தாலும் உன்னக் கூப்பிடலாம். அத நான் மாத்தல. மாத்தவும் மாட்டேன்."

நான் நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க மாட்டேன் என்று எனக்குத் தெரிந்திருந்தது. குரலைத் தாழ்த்தவில்லை. "கனகசபை நம்பர நீதான் பிளாக் பண்ணியிருந்த."

செருப்புச் சத்தம். பட்டறையை விட்டு வெளியே வருகிறான். ரோட்டில் ஒரு லாரி போயிற்று, அது போய் முடியட்டும் என்று இரண்டு பேரும் காத்திருந்தோம். "ஆமா" என்றான்.

"நேத்து நீ அண்ணிகிட்ட பேசினதயும் கேட்டேன். மூணு தடவ தப்பா போட்டா போன் பதிவு பண்ணிக்கும். அப்படி வெச்சிருக்கேன்."

"என்னப் புடிக்கவா வெச்ச?"

யார் தொட்டாலும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். மேடத்திடம் அப்படித்தான் சொல்லியிருந்தேன், எனக்கே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். "ஆமாண்ணே" என்றேன். "உன்னத்தான்."

அவன் மூச்சு கேட்டது. நேற்றுப் பதிவில் கேட்ட அதே மூச்சு, அதே நெருக்கம். சொன்னது சொன்னதுதான், ஒரு சொல்லைக்கூடத் திரும்ப எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"நான் கேட்டதுல என்ன தப்பு?" என்றான் கடைசியில். "அந்தக் கேள்வி எனக்கு இன்னும் இருக்கு."

"இருக்கட்டும். எனக்கும் இருந்துச்சு. அத என்கிட்ட கேட்டிருக்கணும். இல்லன்னா அவர்கிட்டயே கேட்டிருக்கணும். அண்ணிகிட்ட கேட்டா அவங்களுக்கு என்ன தெரியும்?"

"அவன எங்க போய்க் கேக்கறது நான்?"

"எங்கயும் போக வேணாம். ஞாயித்துக்கிழம வீட்டுக்கு வர்றார். நான்தான் வரச் சொல்லியிருக்கேன்."

பஸ் மேலே ஏறி வளைந்தது, ஜங்ஷன் மேம்பாலம். கீழே எங்கோ ஒரு ரயில் நீளமாக ஊதியது. இந்த வளைவில் எப்போதும் போன் சத்தம் கொஞ்சம் விட்டு விட்டு வரும். லைன் போய்விட்டதோ என்று அண்ணே என்றேன். இன்னொரு தடவை கூப்பிடவில்லை. அவன் அங்கேயே நின்றுகொண்டிருந்தான், எனக்குத் தெரியும், ரோட்டோரத்தில், ஒரு கையைக் கண்ணுக்கு மேல் குடை மாதிரி வைத்துக்கொண்டு. பட்டறையிலிருந்து வெயிலுக்கு வந்தால் அப்படி வைப்பான் என்று அண்ணி சொல்லியிருக்கிறாள். என்ன சொல்வான் என்று நான் ஏழெட்டு விதமாக நினைத்துப் பார்த்தேன். வரக் கூடாது என்பான். ஊர் என்ன பேசும் என்பான். அம்மாவை இழுப்பான். ஒவ்வொன்றுக்கும் என்னிடம் பதில் இருந்தது.

"மீன் சாப்புடுவாரா?" என்றான்.

என்னிடம் இதற்குப் பதில் இல்லை. எட்டு மாதம் பேசிப் பழகியிருக்கிறேன், இதைக் கேட்டதே இல்லை. "தெரியலண்ணே" என்றேன். "கேட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் சொல்லு. மீன்காரன்கிட்ட சனிக்கிழமையே சொல்லிவெச்சாத்தான் நல்லதா எடுத்து வெப்பான்." வைத்துவிட்டான். வைப்பதற்கு முன்னால் அவன் மூக்கை உறிஞ்சினானா, இல்லை ரோட்டுத் தூசியா, சரியாகக் கேட்கவில்லை.

பக்கத்து அம்மாளின் வளையல் அசையவே இல்லை. அவள் மட்டுமில்லை, முன் சீட்டிலும் பேச்சு நின்றிருந்தது. நான் இவ்வளவு நேரம் பேசியது பாதி பஸ்ஸுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். என் வாயால் நானே சொன்னதுதானே, யாரும் எடுத்துப் படித்ததில்லை. கனகசபையின் பெயரைத் தேடி மைக்கை அழுத்தினேன். கண்டக்டர் ஜங்ஷன் ஜங்ஷன் என்று கத்த ஆரம்பித்துவிட்டார், அவருக்கு மேலே கேட்க வேண்டும் என்று குரலை நன்றாகவே உயர்த்தினேன்.

"நீங்க மீன் சாப்பிடுவீங்களா? எங்க அண்ணன் கேக்கறாங்க."